சிங்க் மூடியும் குழாய் அடைப்பும்: யாங்கோன் வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

பர்மாவில், யாங்கோன் நகரத்துப் பசுண்டாங் பக்கம் குழாய்ச் சாமான் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வைகாசி பிறந்து மழை தொடங்கிவிட்டால், கடைக்கு வருகிற நம் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்பார்கள். தண்ணீர் போகவில்லை, நாற்றம் அடிக்கிறது, மூடி பொருந்தவில்லை, மேல் வீட்டுத் தண்ணீர் எங்கள் சிங்கில் வருகிறது. ஒவ்வொருவருக்கும் நின்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைக்கிறேன்.

சிங்குக்கு மூடி வாங்க வேண்டும். எந்த அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என் கடைக்கு அதிகமாகத் திரும்பி வருகிற சாமான் இந்தச் சின்ன மூடிதான். குழாயின் அளவும் மூடியின் அளவும் ஒன்று என்று நினைத்து வாங்கிப் போய்விடுகிறார்கள். கை கழுவும் பேசினுக்கு அடியில் போகும் குழாய் ஒன்றேகால் அங்குலம் என்றால், அதற்கு உட்காரும் ரப்பர் மூடி ஒன்றரை அங்குலம். ஒன்றரை அங்குலக் குழாய் உள்ள பழைய சிங்குக்கு ஒன்றேமுக்கால் அங்குல மூடி. துளையின் வாய், குழாயைவிடக் கொஞ்சம் அகலமாகப் புனல் மாதிரி சரிந்திருக்கும். மூடி பிடித்து நிற்பது அந்தச் சரிவில்தான்.

ஸ்கேலைத் துளையின் குறுக்கே வைத்து, உள்விளிம்பிலிருந்து எதிர்ப் பக்க உள்விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து வாருங்கள். சுற்றிலும் பளபளப்பாகத் தெரியும் வளையத்தைச் சேர்த்து அளந்துவிடக் கூடாது. ஸ்கேல் சரியாக உட்காராத இடத்தில் எனக்குக் கைகொடுப்பது சப்பாத்தி மாவுதான். எலுமிச்சம்பழம் அளவு மாவை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றித் துளைவாயில் அழுத்தி எடுங்கள். துளையின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். அதைக் கடைக்குக் கொண்டுவந்தால் போதும், மூடியை அதிலேயே வைத்துப் பார்த்துக் கொடுத்துவிடலாம்.

பழைய மூடியை மாதிரிக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பேசின் மூடியாக இருந்தால் சரி. அடுக்களை மூடி எண்ணெயிலேயே ஊறி ரப்பர் உப்பிப் போயிருக்கும். அந்த அளவுக்கு வாங்கினால் புதியது உள்ளே இறங்காது.

இப்போது வருகிற ஸ்டீல் சிங்குகளுக்குக் கணக்கு வேறு. துளை பெரியது, உள்ளே கூடை உட்காரும். மூன்றரை அங்குலம் ஒரு வகை, நாலரை அங்குலம் இன்னொரு வகை. ஒன்றுக்கு வாங்கிய கூடை மற்றதில் நிற்காது. கூடைக்குக் கீழே நடுவில் ஒரு தண்டு இருக்கும், அது குண்டு போல முடிகிறதா, திருகா, வெறும் கம்பியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டு மாறினால் கூடை பொருந்தினாலும் மூடாது.

ரப்பர், சிலிக்கோன், அழுத்தினால் மூடுவது என்று எத்தனையோ இருக்கின்றனவே. எதை வாங்குவது?

அடுக்களைக்கு ஸ்டீல் கூடைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தூக்கி வைத்தால் சல்லடை, அழுத்தினால் மூடி. ஒரு சாமானில் இரண்டு வேலையும் முடிகிறது. கூடையின் அடியில் உள்ள ரப்பர் வளையம் ஒன்றிரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும், வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டைகள் சின்னதாக இருக்கிற கூடையாகப் பார்த்து எடுங்கள். மீன் குழம்பில் அரிசிச் சேமியா போட்ட மொஹிங்கா சாப்பிடுகிற ஊரில், அந்தச் சேமியா நழுவிப்போகிற ஓட்டை உள்ள கூடையால் பயனில்லை.

கை கழுவும் பேசினுக்குச் சங்கிலியோடு வருகிற ரப்பர் மூடி மலிவானது, கெடுவதற்கு அதில் எதுவும் இல்லை. பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அழுத்தினால் மூடி, மறுபடி அழுத்தினால் திறக்கிற வகையை எல்லோரும் கேட்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் மேல் தட்டு கையால் திருகிக் கழலுகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். அதன் நடுத்தண்டில்தான் முடி சுற்றிக்கொள்ளும். கழற்ற முடியாத மூடியை மாட்டினால், முடியை எடுக்க ஒவ்வொரு தடவையும் அடியில் படுத்துக்கொண்டு குழாயைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் திறக்கிற குழாய்க்குப் பின்னால் உள்ள கம்பியைத் தூக்கினால் மூடுகிற வகைக்கும் இதே தொல்லைதான். நீண்ட முடி உள்ள பெண்கள் இருக்கிற வீட்டுக்கு அதை நான் கொடுப்பதே இல்லை.

தட்டையான சிலிக்கோன் வட்டு எந்தத் துளைக்கும் ஆகும், அளக்கவே வேண்டாம். தண்ணீரின் கனம்தான் அதை அழுத்திப் பிடிக்கிறது. அதனால் துளையைச் சுற்றி மட்டமாக இருக்கிற சிங்கில் மட்டும் நன்றாக நிற்கும், வாய் மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் கசியும். அவசரத்துக்கு வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகமாக இருந்தால் வெள்ளைத் துணிகூடக் காவியாகிவிடும். அங்கே முலாம் பூசிய மூடி சீக்கிரம் புள்ளி விழுந்து உரியும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் நிற்காது. நல்ல ஸ்டீலோ வெறும் ரப்பரோதான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

பேசினின் மேல் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதற்கும் மூடிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தண்ணீர் விளிம்பு வரை ஏறினால் வழிந்து போவதற்கான ஓட்டை அது. அந்தத் தண்ணீர் பேசினின் சுவருக்குள்ளேயே இறங்கி, மூடிக்குக் கீழே குழாயில் வந்து சேர வேண்டும். அதற்காக அந்த வகை பேசினுக்கு, துளையில் மாட்டுகிற பொருத்தைப் பக்கவாட்டில் வெட்டு உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். ஓட்டை இல்லாத பேசினுக்கு வெட்டு இல்லாதது. மாற்றி மாட்டினால், ஒன்றில் வழிந்த தண்ணீருக்குப் போக வழி இருக்காது, இன்னொன்றில் அடியில் கசியும்.

கரெண்ட் இல்லாத நேரத்துக்காகச் சிங்கை மூடித் தண்ணீர் பிடித்து வைக்கலாமா?

பாத்திரம் கழுவ, கை கழுவ என்றால் தாராளமாகப் பிடித்து வைக்கலாம். குடிக்க வேண்டாம். ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள்.

எங்கள் தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிற அத்தை ஒருநாள் சாயந்தரம் குழாயைத் திறந்திருக்கிறார். கரெண்ட் போயிருந்ததால் மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை. குழாயை மூட மறந்துவிட்டார். சிங்கில் மூடி போட்டபடியே இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரெண்ட் வந்தது, மோட்டார் தானாக ஓடியது. அடுக்களை ஸ்டீல் சிங்கில் வழிந்தோடும் ஓட்டை கிடையாது. விடிந்து பார்த்தபோது அத்தை வீட்டுத் தரை முழுக்கத் தண்ணீர், கீழ் வீட்டில் அலமாரிக்கு அடியில் வைத்திருந்த அரிசி மூட்டை நனைந்து ஊறிக் கிடந்தது. அந்த வீட்டில் சம்பளத்துக்குப் போகிறவர் ஒருவர்தான். மாதத்து அரிசி அது.

ஆகவே கரெண்ட் போனால் முதலில் குழாய் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். படுக்கப் போகும்போது சிங்க் மூடியை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். தண்ணீர் சேமிக்க வாளியும் டிரம்மும் இருக்கின்றன, சிங்கை நம்ப வேண்டாம்.

எங்கள் வீட்டில் யாரும் சிங்கில் எதையும் போடுவதில்லை. அப்படியும் ஏன் அடைக்கிறது?

இதைச் சொல்லாத வீடே கிடையாது, எல்லோரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். போன வருடம் ஒரு அக்கா வீட்டுக்குப் போய்ச் சிங்குக்கு அடியில் இருக்கும் வளைவுக் குழாயைக் கழற்றினேன். வாளியில் தட்டியபோது நீளமாக ஒரு கட்டி முழுசாக விழுந்தது. வெளியே வெள்ளை, உள்ளே மங்கலான காவி. விரலால் அழுத்தினால் மெழுகு மாதிரி, நகத்தால் கீறினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. உடைத்துப் பார்த்தால் பாக்குத் துருவல், தேயிலை, பூண்டுத் தோல். நடுவே ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத்தான் அதுவரை தண்ணீர் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வருடக்கணக்கில் சேர்ந்த கட்டி அது, அன்றைக்குப் போட்ட எதனாலும் வந்ததல்ல.

அதில் முதல் குற்றவாளி எண்ணெய். இந்த ஊர்ச் சமையலில் மசாலா வதங்கி எண்ணெய் மேலே பிரிந்து நிற்க வேண்டும், நம் வீட்டுக் குழம்பும் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்த தட்டில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. அதுவும் இப்போது பெரும்பாலும் பாமாயில். பாமாயிலில் பாதி உறைகிற கொழுப்பு. வெயில் குறைந்த காலையில் போத்தலின் அடியில் வெள்ளையாகத் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள்ளும் அதேதான் நடக்கிறது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் அந்த மாதிரி உறையாது. ஆனாலும் சோப்பு, அழுக்கு எல்லாம் சேர்ந்து குழாயின் சுவரில் பிசுக்காகப் படியும், அதில் வருகிறதெல்லாம் ஒட்டும்.

இரண்டாவது கடலை மாவு. மொஹிங்காவுக்குக் கெட்டி சேர்க்கிறோம், ஷான் தோஃபு கிளறுகிறோம், நம் பஜ்ஜிக்கும் கரைக்கிறோம். கொதிக்க வைத்த கடலை மாவு ஆறினால் வெட்டித் துண்டு போடுகிற மாதிரி கட்டியாகிவிடும், தோஃபு ஆவதே அப்படித்தான். அந்தச் சட்டியைச் சூட்டோடு சிங்கில் கழுவி ஊற்றினால், குழாய் வளைவில் போய்த் தோஃபு ஆகும்.

மூன்றாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வெற்றிலை. அந்த அக்கா வீட்டுப் பெரியவர் நாள் முழுக்கக் கூன்யா என்கிற வெற்றிலைச் சுருள் போடுகிறவர், வாய் கொப்பளிப்பது அடுக்களைச் சிங்கில். பாக்கு நார் ஒருபுறம் இருக்கட்டும், சுண்ணாம்பைக் கவனியுங்கள். எண்ணெய் குழாயில் தங்கிக் கெடும்போது அதிலிருந்து அமிலம் பிரியும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் அதோடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒருவகைச் சோப்பாக இறுகும். பெரிய நகரங்களின் சாக்கடைகளில் பாறை போலக் கிடக்கிற கொழுப்புக் கட்டியும் இந்த வகைதான். பெரியவரைத் திட்ட வேண்டாம். சிங்கில் துப்பாமல் இருக்க, பக்கத்தில் ஒரு படிக்கம் வைத்துக் கொடுங்கள். நம் தாத்தா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பாத்திரம்தானே.

அப்புறம் தனாக்கா. கல்லில் அரைத்து முகத்துக்குப் பூசியபின் கல்லைப் பேசினில் கழுவுகிறோம். அது மரப்பட்டையின் நைசான தூள், கரையாது. வளைவில் மண்டியாகத் தங்கி, முடியும் சோப்பும் சேர்ந்தால் களிமண் போல ஆகும். கல்லை ஒரு சின்னக் கிண்ணத் தண்ணீரில் கழுவிச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். தேயிலைச் சக்கையும் செடிக்கே.

தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெய் மிஞ்சினால் என்ன செய்வது?

எந்த நிலையிலும் சிங்கில் ஊற்றாதீர்கள். சோப்புத் தண்ணீரோடு ஊற்றினால் போய்விடும் என்பார்கள். சோப்பு எண்ணெயைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். உங்கள் குழாயில் நிற்காதது நாலு வீட்டுக்குப் பொதுவான குழாயில் போய் நிற்கும்.

ஆறவைத்து, வடிகட்டி, தகர டின்னில் ஊற்றி வையுங்கள். ஒன்றிரண்டு தடவை தாளிக்க ஆகும். கறுத்துப்போன எண்ணெயைப் பழைய காகிதம் திணித்த பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் குப்பையோடு அனுப்புங்கள். எண்ணெயை வீசைக் கணக்கில், ஒரு வீசைக்கு 1.63 கிலோ என்று நிறுத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம். அப்படி நிறுத்து வாங்குகிற பொருளை ஊற்றிவிட்டு, அதை எடுக்கிறதற்கும் காசு கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

இதைவிட முக்கியம் அன்றாடத் தட்டு. கழுவுவதற்கு முன்னால் பழைய நாளிதழ்த் துண்டால் ஒரு துடைப்பு. இதை மட்டும் விடாமல் செய்கிற வீட்டுக்கு நான் அடைப்பு எடுக்கப் போனது ரொம்பக் குறைவு.

வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் உருகிப் போய்விடாதா?

உருகும். உருகி, குளிர்ந்த இடம் வந்ததும் மறுபடி உறையும். கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த அடைப்பை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

அதோடு நம் வீடுகளில் இருப்பது பி.வி.சி. குழாய். அது 60 டிகிரி வரை தாங்கும், அதற்கு மேல் இளகத் தொடங்கும். கொதிநீர் 100 டிகிரி. அடிக்கடி ஊற்றினால் குழாய் தொய்ந்து, தொய்ந்த பள்ளத்தில் அழுக்குத் தேங்கும், இணைப்பும் கசியும். சோறு வடித்த கஞ்சியை அடுப்பிலிருந்து நேரே சிங்கில் சாய்ப்பதும் இதே தப்புதான், அதில் சூடும் இருக்கிறது, மாவுப் பசையும் இருக்கிறது. கஞ்சியைச் சட்டியில் வடித்து ஆறவிடுங்கள். உப்புப் போட்டுக் குடிக்கிறவர்கள் உண்டு, லுங்கிக்கும் சேலைக்கும் போடுகிறவர்களும் உண்டு.

கை பொறுக்கிற சூட்டில், பாத்திர சோப்பு கலந்து, சிங்கை மூடி நிரப்பி, மூடியைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஒரே வேகமாக இறங்கிக் குழாயை அலசிக்கொண்டு போகும். கொதிநீரைவிட இது நல்ல பலன் தரும். நல்ல மூடி வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சோடா மாவும் வினிகரும் ஊற்றினால் அடைப்பு போகுமா?

நன்றாக நுரைக்கும். ஆனால் ஒன்று மற்றதன் சக்தியை எடுத்துவிடுகிறது, கடைசியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்று. லேசான நாற்றத்துக்கு உதவும். இறுகின எண்ணெயை அது தொடாது.

காஸ்டிக் சோடா போட்டால்?

வேண்டாம் என்பதுதான் என் பதில். நான் விற்கிற சாமான்தான், கேட்கிறவர்களிடமும் இதையே சொல்கிறேன்.

காஸ்டிக் சோடா தண்ணீரில் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். முழுசாக அடைத்த குழாயில் அது இறங்காமல் நின்று, குழாயை வேகவைக்கும். தண்ணீர் போதாவிட்டால் உள்ளேயே கல்லாக இறுகி, முன்னால் இருந்ததைவிட மோசமான அடைப்பாகும். அலுமினியத்தை அரிக்கும். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு மருந்து ஊற்றிப் பலிக்கவில்லை என்று இன்னொரு மருந்தை அதன் மேல் ஊற்றக் கூடாது. பிளீச்சிங் தண்ணீரும் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் குளியலறைகளில் ஜன்னல் ஒரு அடிகூட இருக்காது. மூச்சுத் திணறிப் போகும். அடைப்பு எடுக்க ஆளைக் கூப்பிடும்போதும், குழாயில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று மறைக்காமல் முன்னாலேயே சொல்லுங்கள். அந்தக் குழாயைக் கழற்றுகிறபோது அவர் முகம்தான் அதற்கு நேராக இருக்கும்.

சரி, அடைத்துவிட்டது. நானே என்ன செய்து பார்க்கலாம்?

முதலில் ரப்பர்க் கிண்ணம் வைத்த பம்பு. பலரும் வெறும் சிங்கில் வைத்து அழுத்திவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். கிண்ணம் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். பேசினில் மேல் ஓட்டை இருந்தால் ஈரத் துணியால் அடைத்துப் பிடிக்க வேண்டும், இரட்டைச் சிங்க் என்றால் மற்றத் துளையை மூடியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும். பதினைந்து இருபது தடவை விடாமல் அழுத்தி இழுங்கள். அழுத்துவதைவிட இழுப்பதுதான் அடைப்பைப் பெயர்க்கிறது.

அதில் போகவில்லையென்றால் வளைவுக் குழாயைக் கழற்றுங்கள். கீழே வாளி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள பெரிய நட்டைக் கையால் திருப்புங்கள். பிளாஸ்டிக் நட்டுக்கு ஸ்பேனர் வேண்டாம், விண்டுவிடும். உள்ளே இருக்கிற வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதுதான் எல்லோருக்கும் குழப்பம். கழற்றினதை அந்தச் சிங்கிலேயே கழுவாதீர்கள், கீழே குழாய் இல்லை.

வளைவு சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. ஸ்பிரிங் கம்பி விட வேண்டும், அதற்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் நன்றாகப் போகிறது. ஆனால் சாக்கடை நாற்றம் வருகிறது. ஏன்?

சிங்குக்கு அடியில் குனிந்து பாருங்கள். வளைவு இருக்கிறதா? அந்த வளைவு வெறுமனே இல்லை. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, கீழிருந்து நாற்றமும் கரப்பான்பூச்சியும் வராமல் தடுக்கிறது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்கிறவர் 1775-இல் கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் இதைவிட எளிய வழி வரவில்லை.

ஊருக்குப் போய்விட்டு மாதம் கழித்து வந்தால் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். பயன்படுத்தாத குளியலறைக்கும் வாரம் ஒரு சொம்பு.

பல வாடகை வீடுகளில் வளைவே இருக்காது. சுருக்கம் சுருக்கமான மெல்லிய பிளாஸ்டிக் ஹோஸை நேரே துளையில் விட்டிருப்பார்கள். மலிவு, மாட்டுவது சுலபம், ஆனால் ஒவ்வொரு சுருக்கத்திலும் எண்ணெய் தங்கும். முடிந்தால் உட்பக்கம் வழவழப்பான வளைவுக் குழாயாக மாற்றுங்கள். இப்போதைக்கு முடியாதென்றால் அந்த ஹோஸையே வளைத்து, நைலான் கயிற்றால் கட்டி ஒரு வளைவு உண்டாக்கலாம். ஹோஸ் துளைக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றி இருக்கிற இடைவெளியையும் அடைத்துவிடுங்கள்.

தண்ணீர் இறங்கும்போது களக் களக் என்று சத்தம் வந்தால், வளைவுத் தண்ணீரைக் குழாய் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். பொதுக் குழாயின் காற்றுவாய் மொட்டை மாடியில் அடைத்திருக்கலாம். புறா, மைனா கூடு கட்டியதைப் பலமுறை எடுத்திருக்கிறேன்.

நாங்கள் தரைத்தளம். நாங்கள் குழாயைத் திறக்காமலேயே சிங்கில் அழுக்குத் தண்ணீர் ஏறுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் வருத்தமாக இருக்கும். அது உங்கள் வீட்டு அடைப்பே அல்ல. ஆறு, ஏழு, எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லா அடுக்களைகளும் பின்சுவரில் இறங்குகிற ஒரே குழாயில் சேர்கின்றன. அந்தக் குழாய் அடியில் அடைத்தால், மேலே உள்ள அத்தனை பேருடைய தண்ணீரும் முதலில் கிடைக்கிற வாய் வழியாக வெளியே வரும். அந்த வாய் உங்கள் சிங்க்.

பம்பு போடாதீர்கள், பயன் இருக்காது. உடனே மேல் வீடுகளுக்குச் சொல்லித் தண்ணீர் விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். பின்சந்தில் அந்தக் குழாய் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு திருகு மூடி இருக்க வேண்டும். அதைத் திறந்து கம்பி விட்டால் எடுத்துவிடலாம். அந்த மூடி இல்லாத கட்டடம் இருந்தால், அடுத்த தடவை வேலை நடக்கும்போது ஒன்று வைத்துவிடச் சொல்லுங்கள்.

நகரத்தின் நடுப்பகுதியில் கழிப்பறைக் கழிவுக்கு வெள்ளைக்காரர்கள் 1880-களின் கடைசியில் போட்ட குழாய் இருக்கிறது. அழுத்திய காற்றால் கழிவைத் தள்ளிக்கொண்டு போகிற ஏற்பாடு. மற்ற இடங்களில் செப்டிக் தொட்டி. ஆனால் அடுக்களைத் தண்ணீர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் போவதில்லை, பின்சந்துச் சாக்கடையில் நேரே விழுகிறது. மழைத் தண்ணீரும் அங்கேதான், மேலிருந்து வீசுகிற பிளாஸ்டிக் பையும் அங்கேதான். பெரிய மழையில் அந்தச் சாக்கடை நிரம்பிவிட்டால், உங்கள் குழாய் சுத்தமாக இருந்தாலும் தண்ணீருக்குப் போக இடமில்லை.

ஆகவே இது கட்டடம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சித்திரையில் வருகிற பர்மியப் புத்தாண்டான திஞ்சான் முடிந்து மழை தொடங்குவதற்கு இடையே ஒரு மாதம் இருக்கிறது. எல்லா வீடும் பணம் போட்டு, பொதுக் குழாயையும் பின்சந்தையும் அந்த மாதத்தில் சுத்தம் செய்துவிடுங்கள். தண்ணீர் எங்கள் வீட்டுக்கு வரவில்லையே என்று சில மேல் வீட்டார் பங்கு தர மாட்டார்கள். அவர்களிடம் கோபப்பட வேண்டாம். ஒருதரம் கீழே கூட்டிக்கொண்டு வந்து, தரைத்தளத்து அடுக்களையைக் காட்டுங்கள். நான் பார்த்தவரை, பார்த்தபிறகு யாரும் மறுத்ததில்லை.

தரைத்தளத்தார் தங்கள் குழாய் பொதுக் குழாயில் சேருமிடத்தில் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வைக்கலாம். அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் தண்ணீரும் வெளியே போகாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் எண்ணெய் பிடிக்கும், மாதம் ஒருமுறை திறந்து துடைக்க வேண்டும்.

குளியலறையில் முடி அடைக்காமல் இருக்க என்ன வைப்பது?

துளையின் மேல் தட்டையாக வைக்கிற ஜாலியைவிட, உள்ளே இறங்கி உட்காரும் காளான் வடிவ வலை நல்லது. முடி அதைச் சுற்றிக்கொள்ளும், தண்ணீர் தடைபடாது. குளித்தவுடன் ஈரத்தோடு எடுத்துவிட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

சீயக்காய் தேய்க்கிறவர்கள், தயோ கின்பூன் வாங்கித் தலை கழுவுகிறவர்கள், ஊறவைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். தயோ என்பது மரப்பட்டை, கின்பூன் என்பது நம் சீயக்காய்தான். காயின் நாரும் பட்டையின் சக்கையும் முடியோடு சேர்ந்தால் கயிறு திரித்த மாதிரி ஆகிவிடும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

கூடையைத் தினமும் ராத்திரி தட்டிக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். வளைவுக் குழாயை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றினால் போதும். வெற்றிலை போடுகிறவர் இருக்கிற வீடு என்றால் மூன்று மாதம். மழைக்காலத்தில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தால் அது நிற்கும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே கழற்றிப் பாருங்கள். கழற்றும்போது பழைய வாஷரை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள்.